திருச்சுழிச் சீமைக்கு நீலம் கொண்டுபோன கதை

காவிரிக்கரையில் பிறந்தவனிடம் எந்தச் சுவரைக் காட்டினாலும் அதில் ஓர் ஆறு எழுதத்தான் கை வரும். நான் கும்பகோணத்தில் நாடகக் கம்பெனிகளுக்கு சீன் படுதா எழுதிப் பிழைக்கிறவன். அரசவை கேட்டால் அரசவைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் வைத்து, அதற்கு வெளியே ஆறு ஓடவிடுவேன். மயானம் கேட்ட கம்பெனிக்கும் ஆற்றங்கரை மயானமாகத்தான் எழுதிக் கொடுத்தேன். அரிச்சந்திரனாக நடித்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு குளுகுளு என்று இருந்தால் எனக்கு எப்படி ஐயா அழுகை வரும்?" என்று கோபித்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட என்னை ஒரு ஆவணி மாதம் திருச்சுழிச் சீமைக்கு இழுத்துக்கொண்டு போனவன் தங்கராசு, என் மனைவியின் தம்பி. அங்கே ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊரின் இரண்டு தெருக்காரர்களும் என்னைத் தேடி வருவார்கள்; அவ்வளவு பேருக்குப் பொங்கிப்போட ரேஷன் அரிசி போதாது.

லீவில் வந்திருந்த தங்கராசு விஷயத்தைச் சொன்னான். ஊரில் ஒரு வாசகசாலை வைக்க இரண்டு வருஷமாக நாயாய் அலைந்திருக்கிறான். மேலத் தெருவில் சம்சாரிகள், அதாவது விவசாயிகள்; கீழத் தெருவில் நெசவாளிகள். மேலத் தெரு நாட்டாமை தன் பழைய தானியக் கிட்டங்கியைக் கொடுத்தார். கீழத் தெருப் பெரியதனக்காரர் அதற்குக் கூரையும் கதவும் போட்டுக் கொடுத்தார். இனி அந்தக் கதவை இரண்டு தலைவர்களும் சேர்ந்து திறக்க வேண்டும். ஆவணி கடைசி வெள்ளிக்கிழமைக்குள் திறக்காவிட்டால் நாட்டாமை கிட்டங்கியில் பழையபடி சோளத்தட்டையை அடைத்துவிடுவார். சங்கடம் என்னவென்றால், அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"அதற்கு நான் என்ன செய்ய?" என்றேன்.

"முன் சுவரில் ஒரு படம் எழுதிக் கொடுங்கள் அத்தான். வெறும் சுவர் என்றால் ஒருத்தனும் நிற்க மாட்டான். நின்றால்தானே உள்ளே கூப்பிட முடியும்?"

யுத்த காலம். வர்ணம் கிடைக்காத நேரம். என்னிடம் மிச்சமிருந்தது நீலமும் பச்சையும்தான். அவற்றை மூட்டை கட்டிக்கொண்டேன். கும்பகோணத்தில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பழைய புத்தகங்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தன. தங்கராசு பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று முன்னால் போய்விட்டான். பெட்டியோடு நான் பின்னால் புறப்பட்டேன்.

விருதுநகரில் ஏறினது கரி பஸ். பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய அடுப்பைக் கட்டியிருந்தார்கள். அதில் கரியைப் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிக் காற்று ஊதி, புகை கிளம்பினால் பஸ்ஸும் கிளம்பும். எங்கள் பஸ்ஸில் புகைதான் அதிகம்; பஸ் நத்தையாய் ஊர்ந்தது. பாளையம்பட்டிக்குச் சற்று முன்னால் அதுவும் நின்றுவிட்டது.

"இறங்குங்க, இறங்குங்க. இது எப்பவும் நிக்கிற எடந்தான்" என்றார் பந்தல்குடிக்கு மிளகாய் விதை கொண்டுபோன ஒருவர், தன் வீட்டு வாசலில் இறங்குகிறவர் மாதிரி.

ஆளுக்குக் கொஞ்ச நேரம் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அதிலும் முறை வைத்திருந்தார்கள். முன் சீட்டுக்காரர்கள் முதலில், பின் சீட்டுக்காரர்கள் அடுத்து. ஓசியில் வந்தவர்கள் இரண்டு தரம். எங்கள் பக்கமாக இருந்தால் இதற்குள் யார் முதலில் சுற்றுவது என்று ஒரு கேஸ் நடந்து அப்பீலுக்குப் போயிருக்கும். இவர்கள் ஒரு பேச்சும் பேசாமல் வரிசையில் நின்றார்கள். என் முறை வந்தபோது என் கை நோவதைப் பார்த்து ஒரு கர்ப்பிணிப் பெண் பரிதாபப்பட்டாள்.

திடீரென்று பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. பாளையம்பட்டிக் கடைகளெல்லாம் பறந்து பின்னால் போயின. கூடவே ஒரு நாற்றம், தோல் கருகுகிற மாதிரி. அருப்புக்கோட்டையில் இறங்கி மூட்டையைத் தொட்டபோதுதான் காரணம் தெரிந்தது. வர்ணப்பொடி சுவரில் ஒட்டுவதற்காகக் காய்ச்சி ஊற்றுகிற பசைக் கட்டி, வஜ்ரம் என்போம், அந்தப் பை காலியாக இருந்தது.

"அதுவாய்யா? கறுப்பா கட்டி கட்டியா கரி மூடைக்குப் பக்கத்துல கெடந்துச்சு. நல்ல கரின்னு அள்ளிப் போட்டேன்" என்றார் கண்டக்டர்.

"அது வஜ்ரம் ஐயா!"

"அதான் பஸ்ஸு இம்புட்டு வேகம் போச்சா! இன்னும் இருக்கா?"

அருப்புக்கோட்டைக் கடைத்தெரு முழுக்க அலைந்தேன். வஜ்ரம் கிடைக்கவில்லை. கருப்பட்டிக் காப்பி கிடைத்தது. அதில் ஒரு வாய் குடித்ததும் உப்புக் கரித்தது. கடைக்காரரிடம் சொன்னேன். "உப்பு நாங்க போடலய்யா, தண்ணியிலயே இருக்கு. அதுக்குத் தனியாக் காசு வாங்குறதில்ல" என்றார். எங்கள் ஊரில் காப்பி நன்றாக இல்லை என்றால் பாலைத் திட்டுவோம். தண்ணீரைத் திட்டுவது எனக்குப் புது அனுபவம்.

மறுநாள் விடிந்ததும் ஒரு மாட்டு வண்டி பிடித்தேன். கரிசல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. எட்டின மட்டும் உடைமரமும் பனையும்தான். வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டிக்காரரிடம், "இந்தப் பக்கம் ஆறே கிடையாதா?" என்று கேட்டேன்.

"இருக்கே. இப்ப அதுக்குள்ளதான போய்க்கிட்டிருக்கோம்" என்றார்.

எட்டிப் பார்த்தேன். மணலில் சக்கரம் புதைந்து போய்க்கொண்டிருந்தது. நடு ஆற்றில் ஒருவர் நிலக்கடலை வறுத்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குள் நுழையும்போது வண்டி நின்றது. தெரு நீளத்துக்கும் நூலை விரித்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக நின்று கஞ்சி தோய்த்துப் பெரிய பிரஷ்ஷால் நீவிக்கொண்டிருந்தார்கள். இதற்குப் பாவு என்று பெயர். பாவு காய்கிறவரை கலெக்டரே வந்தாலும் தெருவுக்குள் வண்டி விடமாட்டார்கள் என்றார் வண்டிக்காரர். நான் கலெக்டர் இல்லையே என்று தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாவுக்கு அடியில் குனிந்து நுழைந்தேன். பாதியில் பெட்டி நூலில் மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கமும் போக முடியாமல் இந்தப் பக்கமும் வர முடியாமல், கஞ்சி என் முதுகில் சொட்ட, நடுத்தெருவில் மண்டியிட்டு நின்றேன்.

ஒரு அம்மாள் அந்தத் தெருவின் வீட்டுப் பேச்சான கன்னடத்தில் ஏதோ சொன்னாள். தெருவே சிரித்தது. தமிழில் தங்கராசு பிறகு எனக்குச் சொன்னான்: "ஆடுதான் நுழையும்னு பார்த்தா, இப்ப பெட்டி சுமந்துக்கிட்டு ஆடு வருது."

அவள் பெயர் சௌடம்மா. ஊரிலேயே பாவுக்குக் கஞ்சி பதம் பார்க்கிறதில் கெட்டிக்காரி. திட்டிக்கொண்டே பெட்டியை விடுவித்து, என் முதுகையும் துடைத்துவிட்டாள். எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

கிட்டங்கி இரண்டு தெருவும் சந்திக்கிற முக்கில் இருந்தது. அதன் முன்னால் ஒரு பெரிய புங்கமரம். மரத்தடியில் நாட்டாமையும் பெரியதனமும் என்னை வரவேற்க நின்றார்கள். நாட்டாமை பனைமரம் மாதிரி உயரம், பெரிய மீசை. பெரியதனம் குள்ளம், வெள்ளை வெளேரென்ற சட்டை, மெல்லிய குரல். இரண்டு பேருக்கும் நடுவில் தங்கராசு தந்திக்கம்பம் மாதிரி நின்றான்.

"வாத்தியாரே, படக்காரரு சாப்பாடு நம்ம வீட்லன்னு அவுககிட்டச் சொல்லுங்க" என்றார் நாட்டாமை.

கைக்கெட்டும் தூரத்தில் நின்ற பெரியதனம், "விருந்தாளி மொதல்ல கால் வச்சது எங்க தெருவுலன்னு அவுககிட்டச் சொல்லுங்க வாத்தியாரே" என்றார்.

தங்கராசு இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி, இரண்டு பேருமே கேட்டுவிட்டதை மறுபடி சொன்னான். முடிவில் நான் இரண்டு வீட்டிலும் சாப்பிடுவது என்று தீர்ந்தது. நாட்டாமை வீட்டில் சோளச் சோறும் கருவாட்டுக் குழம்பும். எழுந்து கை கழுவி நேரே பெரியதனம் வீட்டில் குதிரைவாலிச் சோறும் துவையலும். எங்கள் ஊரில் விருந்தாளியை ஒரு வீட்டில்தான் கொல்லுவார்கள்.

சண்டைக்கு வேர் கண்மாய். ஊருக்கு வடக்கே உள்ள அந்தக் கண்மாய்க்கு இரண்டு மடை. மேல மடை திறந்தால் தண்ணீர் சம்சாரிகளின் வயலுக்குப் போகும். கீழ மடை திறந்தால் ஊருணிக்கு வரும். கீழத் தெரு குடிப்பதும் கஞ்சி காய்ச்சுவதும் ஊருணித் தண்ணீரில்தான். கடைசியாகக் கண்மாய் பெருகின வருஷம் யார் மடையை எத்தனை நாள் திறப்பது என்று தகராறு வந்து தலைவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு மழை ஏமாற்றிக்கொண்டே வந்தது. கண்மாய் வற்றி அதில் ஆடு மேய்கிறது, கீழத் தெரு உப்புக் கிணற்றில் இறைத்துக் காலம் தள்ளுகிறது. சண்டை மட்டும் வற்றவில்லை.

இதெல்லாம் தங்கராசு எனக்குச் சாவகாசமாக வியாழக்கிழமை சொன்னது. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தச் சுவரில் நான் ஒரு யானையை எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை வேலையை ஆரம்பித்தேன். வஜ்ரம் இல்லாத குறையைச் சௌடம்மா தீர்த்தாள். "பாவுக் கஞ்சி ஒரு சட்டி தாரேன். நூல்ல புடிக்கிறது செவுத்துல புடிக்காதா?" என்றாள். பிரமாதமாகப் பிடித்தது. இந்தச் சீமைக்கு ஆறு ஒட்டாது என்று நீலத்தைக் குழைத்துக் கண்மாய் ததும்பத் ததும்ப ஊற்றினேன். கரையில் பச்சை, அதற்குப் பின்னால் இன்னும் பச்சை.

கூட்டம் கூடிவிட்டது. பல வருஷமாக அவ்வளவு தண்ணீரைச் சேர்ந்தாற்போல் பார்க்காத ஜனங்கள். ஒரு கிழவர் சுவருக்குக் கிட்டே வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். நின்றவர்களைத் தங்கராசு விடவில்லை. மரத்தடியில் உட்காரவைத்து, பெட்டியிலிருந்து ஒரு சின்னத் துப்பறியும் நாவலை எடுத்து, சாயங்காலம் ஓர் அத்தியாயம் என்று உரக்கப் படித்தான். ஜமீன்தாரை யாரோ விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். வீட்டில் இருக்கிற எல்லாரும் முழிக்கிற முழி சரியில்லை.

மேலத் தெரு மரத்துக்கு இந்தப் பக்கம், கீழத் தெரு அந்தப் பக்கம். இரண்டு தலைவர்களும் மட்டும் உட்காரவில்லை. நாட்டாமை சுவர் வேலையை மேற்பார்வை பார்ப்பவராகவும், பெரியதனம் கதவுத் தாழ்ப்பாளைச் சோதிப்பவராகவும் வந்து, அத்தியாயம் முடிகிறவரை அதே இடத்தில் நின்றார்கள். ஒரு தாழ்ப்பாளை ஒரு மணி நேரம் சோதித்த மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன்.

புதன்கிழமை ஒரு மடை எழுதினேன். சுவரின் மேற்குப் பக்கம் கதவு இருந்தது, இடமில்லை. அதனால் கிழக்குப் பக்கமாக மடையை வைத்து வாய்க்காலை ஓடவிட்டேன். எனக்கு அது வெறும் வாய்க்கால். படுதாவில் எத்தனையோ வாய்க்கால் எழுதியிருக்கிறேன். ஒன்றின் மேலாவது ஒருத்தரும் பிராது கொடுத்ததில்லை.

நாட்டாமை வந்து பார்த்தார். மீசை துடித்தது.

"படக்காரரே, இது கீழ மடைல்ல?"

"மடைதான்."

"மடை, சரி. எந்த மடை? கஞ்சி குடுத்த வீட்டுப் பக்கம் தண்ணி போகுதே! எங்க வெள்ளாமை காயட்டும்னா?"

மரத்தடியில் மேலத் தெரு மொத்தமும் எழுந்து நின்றது. கீழத் தெரு சுவரையே பார்த்துப் புன்னகை செய்தது. பெரியதனம் தாழ்ப்பாளை விட்டுவிட்டு, "எழுதுறவுகளுக்கு நாயம் தெரியும்னு அவுககிட்டச் சொல்லுங்க வாத்தியாரே" என்றார்.

தங்கராசு என்னை ஓரமாக இழுத்துக் கெஞ்சினான். வியாழக்கிழமை காலையில் கதவுக்கும் மூலைக்கும் நடுவே, உச்சியில் இருந்த சாண் இடத்தில் மேல மடையையும் செருகினேன். இப்போது கீழத் தெரு கொதித்தது.

"கருவாட்டுக் குழம்பு வேலை செய்யுது" என்றாள் சௌடம்மா, தமிழிலேயே, எனக்குக் கேட்கும்படியாக.

"ரெண்டு மடையும் திறந்தாச்சே அம்மா! இரண்டு பக்கமும் தண்ணீர்!" என்றேன்.

இதைச் சொன்னதுதான் தாமதம், இரண்டு தெருவும் என் மேல் பாய்ந்தன. ரெண்டு மடையையும் ஒரே நேரத்தில் எவனாவது திறப்பானா? கண்மாய் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இவன் எந்த ஊர்க்காரன்? என்னைப் போன்ற ஊதாரியைத் தாங்கள் கண்டதில்லை என்ற ஒரு விஷயத்தில் மட்டும் மேலத் தெருவும் கீழத் தெருவும் பூரணமாக ஒத்துப்போயின. அன்று சாப்பிட இரண்டு வீட்டிலிருந்தும் அழைப்பு வரவில்லை. தங்கராசு தன் கையால் கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்தான். அவன் சாப்பிடவில்லை.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை அத்தான்" என்றான். எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கீழத் தெருவில் ஒரே கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தேன். சுவரில் கீழ மடை வாய்க்காலைக் காணவில்லை. அந்த இடம் ஈரமாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. முன்னால் மேலத் தெரு ஆடுகள் நாலைந்து நாக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றன. வாயெல்லாம் நீலம். பாவுக் கஞ்சி மனிதனுக்குப் பசை. ஆட்டுக்கு அது பலகாரம் என்பதை நான் யோசிக்கவில்லை.

"எங்க தண்ணிய மேலத் தெரு ஆடு குடிச்சிருச்சு!" என்று அலறினார்கள் நெசவாளிகள்.

"ஆட்டுக்கு என்னய்யா தெரியும் எந்த மடைன்னு?" என்றது மேலத் தெரு.

"எல்லாம் தெரியும்! மேல மடைய ஒரு ஆடு தொட்டுச்சா பாரு!"

அது வாஸ்தவம். மேல மடை சுத்தமாக அப்படியே இருந்தது. உயரத்தில் இருந்ததால் ஆட்டுக்கு எட்டவில்லை. இந்த விளக்கத்தை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பெரியதனம் கதவுச் சாவியைத் தங்கராசுவின் கையில் கொடுத்துவிட்டார். "கதவு திறக்க எங்க ஆளு வரமாட்டாகன்னு அவுககிட்டச் சொல்லிருங்க வாத்தியாரே." நாட்டாமை தன் களத்துக்கு ஆள் அனுப்பினார். மத்தியானம் சோளத்தட்டை ஏற்றின ஒரு வண்டி கிட்டங்கி வாசலில் வந்து நின்றது.

தங்கராசு சாதாரணமாகக் கோபப்படமாட்டான். அன்றைக்கும் கோபப்படவில்லை. வண்டிக்கு முன்னால் போய், கதவில் சாய்ந்து, வாசற்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். துப்பறியும் நாவலை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தான். படிக்க ஆரம்பித்தான். மனசுக்குள்ளே.

ஒரு பக்கம் திருப்பினான். புருவத்தை உயர்த்தினான். இன்னொரு பக்கம். "அடப்பாவி!" என்றான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "இவனா? சேச்சே, இவனா!" என்று நாக்கைச் சப்புக்கொட்டினான்.

சண்டை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சோளத்தட்டை வண்டிக்காரர் மாட்டை அவிழ்க்க மறந்துபோய் நின்றார்.

நாட்டாமை கனைத்தார். "என்ன வாத்தியாரே, யாரு வச்சது விஷம்?"

"வாசகசாலையில் சொல்கிறேன் நாட்டாமை. இது சோளத்தட்டைக் கிட்டங்கி. இங்கே கதை படிக்கிற வழக்கமில்லை" என்று சொல்லிவிட்டு இன்னொரு பக்கம் திருப்பினான்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் அடுக்கினவன் நான். ஒரு தரம் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

நாட்டாமை சுவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். கடைசியில் பார்க்க வேறொன்றும் இல்லாமல் பெரியதனத்தைப் பார்த்தார்.

"ஓய் பெரியதனம், நீரு யாருன்னு நெனைக்கிறீரு?"

நேராகக் கேட்டார். நடுவில் தந்திக்கம்பம் இல்லை.

பெரியதனம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அந்தக் கணக்கப்பிள்ளைதான். அவன் பேச்சே சரியில்ல."

"நானும் அவனைத்தான்யா நெனச்சேன்!" என்று நாட்டாமை தொடையைத் தட்டினார்.

அப்போது பார்த்து சௌடம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "கேளுங்க. தை பொறக்கிற வரைக்கும் மேல மடை தெறந்திருக்கட்டும். அவுக வெள்ளாமை வெளையட்டும். தை பொறந்ததும் மேல மடைய அடைச்சுக் கீழ மடையத் தெறக்கட்டும். கோடைக்கு ஊருணியில தண்ணி கெடக்கும். படந்தானே, இந்தாளு வந்து அழிச்சு எழுதிட்டுப் போகட்டும். வெறுஞ் செவுத்துத் தண்ணிக்கு முறை வைக்க முடியாத ஊரு, நெசத் தண்ணி வந்தா என்ன கிழிக்கும்?"

பிறகு நாட்டாமை மெதுவாக, "செவுத்துல இவரு மாத்தாம மடையில யாரும் கை வைக்கக் கூடாது. அதுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். எந்த மடை என்று அவர் சொல்லவில்லை. சுவரா, கண்மாயா? பெரியதனமும் கேட்கவில்லை. "சம்மதம்" என்றார். இரண்டு பேரும் மரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள்.

வெயில் சாய்வதற்குள் நான் கீழ மடையை அடைத்து எழுதினேன். இரண்டு தலைவர்களும் சேர்ந்து தாழ்ப்பாளை இழுத்தார்கள். அது வரவில்லை. பெரியதனம் மூன்று நாள் சோதித்ததில் இறுகிப்போயிருந்தது. ஊரே சேர்ந்து தள்ளி ஒருவழியாகத் திறந்தது. உள்ளே எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இந்த முறை எந்தப் பக்கம் எந்தத் தெரு என்று சொல்ல முடியவில்லை. தங்கராசு கடைசி அத்தியாயத்தைப் படித்தான். கொன்றது வைத்தியர். நாட்டாமையும் பெரியதனமும் ஒருத்தரையொருத்தர் பார்த்து அசடு வழிந்தார்கள். சோளத்தட்டை வண்டி திரும்பிப் போனது.

அந்த ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது என்று கும்பகோணத்திலேயே கேள்விப்பட்டேன். தை பிறந்ததும் புறப்பட்டேன். இந்தத் தடவை வஜ்ரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஆனால் கரி பஸ் தன் குணத்தை விடவில்லை. விருதுநகரிலேயே அடுப்பு விரிசல் விட்டு, அதைச் சரிசெய்கிறவரை நாள் கணக்கில் காத்திருந்தேன்; பிறகு பாளையம்பட்டியில் வழக்கம்போல் நின்றது. வண்டிக்காரர் போன தடவை போன ஆற்றில் இறங்க முடியாமல் சுற்றிக்கொண்டு போனார். அதில் தண்ணீர் ஓடியது. பொங்கல் முடிந்து பல நாள் கழித்துத்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன்.

புங்கமரத்தடியில் ஊரே நின்றுகொண்டிருந்தது. எனக்கு வரவேற்பு என்று நினைத்துக் கைகூப்பினேன்.

"எங்கேய்யா போனீரு?" என்று நாட்டாமை பாய்ந்து வந்தார். "தை பொறந்து எம்புட்டு நாளாச்சு! செவுத்துல மேல மடை தெறந்தே கெடக்கு!"

விழித்தேன். தங்கராசு சொன்னான். கண்மாய் நிறைந்ததும் இரண்டு தெருக்காரர்களும் சுவரில் உள்ளபடியே மேல மடையைத் திறந்தார்கள். தை பிறந்ததும் கீழ மடைக்கு மாற்ற வேண்டும். சுவர் மாறாமல் மடையில் கை வைப்பதில்லை என்று சத்தியம். மேலத் தெருவில் சிலர், 'படக்காரர் வராதது நமக்கு நல்லதாப் போச்சு, ஓடினவரை ஓடட்டும்' என்றார்களாம். நாட்டாமை அவர்களை வாயைத் திறக்கவிடவில்லையாம்.

"எம் மடை தெறந்திருந்தா எனக்கு லாபந்தான்யா" என்றார் நாட்டாமை. "அதுக்காக? அங்கிட்டுப் பாரும், மழையில கெடந்த தண்ணி தீந்து ஊருணி வத்திக் கெடக்கு. பொம்பளைக வெறுங்குடத்தோட நிக்கிறாக. பெரியதனம் மொகத்துல நான் எப்படி முழிக்கிறது? எழுதும்யா சீக்கிரம்!"

உட்காரக்கூட நேரம் கொடுக்கவில்லை. நாட்டாமையே ஏணியைப் பிடித்தார், பெரியதனம் வர்ணச் சட்டியைப் பிடித்தார், சௌடம்மா ஆடுகளைத் துரத்தினாள். மேல மடையை அடைத்தேன். கீழ மடையைத் திறந்து வாய்க்காலில் நீலத்தை ஓடவிட்டேன். கடைசி இழுப்பு முடியவில்லை, நாட்டாமை வடக்கே திரும்பிக் கண்மாய்க் கரைக்குக் கேட்கும்படி, "ஏலே, மாத்தியாச்சு! அடைச்சுத் தெறங்கடா!" என்று கத்தினார்.

சுவரில் வர்ணம் காய்வதற்குள் ஊருணிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வாழ்நாளெல்லாம் ஆறு எழுதினவன் நான். எழுதின பிறகு அதில் தண்ணீர் வந்தது அன்றைக்குத்தான்.

நாட்டாமை நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை போட்டார்.

"அடுத்த தடவ பஸ்ஸுல வராதீரு படக்காரரே. நடந்து வாரும். சீக்கிரம் வந்து சேருவீரு."